அப்பா சொன்ன சரி

எப்போ இருந்து கேக்கலைன்னு கேட்டா நான் என்னன்னு மேடம் சொல்லுவேன். தெரியாதுன்னே எழுதிக்கோங்க. மழுப்பல, நெசமாவே தெரியாது. ஒரு வீட்டுக்குள்ள மூணு பேரு, அதுல ஒருத்தருக்குக் காது போனது மத்த ரெண்டு பேருக்கும் தெரியலைன்னா இதுக என்ன சென்மமோன்னு நீங்க நினைக்கது புரியுது. அந்த வெக்கத்தோடதான் இங்கன உக்காந்திருக்கேன். தேதி உங்களைவிட எனக்குத்தான் ரொம்ப வேணும். ஏன்னு சொல்லுதேன். சொல்லிருவேன். அச்சு எடுக்க அப்பா காதுல வச்சிருக்கீங்களே, அந்த மாவு இறுக எவ்வளவு நேரம் ஆகும்?

அது வரைக்கும் அவங்களுக்கு ஒண்ணும் கேக்காதுல்லா? ரெண்டு காதுலயும் அடைச்சிருக்கீங்க. சவ்வு மிட்டாயைத் திணிச்ச மாதிரி ரோஸ் கலர்ல வச்சுக்கிட்டு நம்மளைப் பாத்து எப்படிச் சிரிக்காங்க பாருங்க. ஆமாப்பா, இந்தா முடிஞ்சிரும். பாத்தீங்களா, தலையாட்டுதாங்க. இந்தத் தலையாட்டலை நம்பித்தான் நான் கெட்டேன்.

சரி, நீங்களே சொல்லுங்க. ஒருத்தருக்குக் காது கேக்கலைன்னு வீட்டுல உள்ளவங்க எப்படிக் கண்டுபிடிப்பாங்க? கூப்பிடுவாங்க. திரும்பலைன்னா சந்தேகம் வரும். எங்க வீட்டுல அவங்களை யாரும் கூப்பிடுறதே கிடையாதே. எங்கம்மா கூப்பிட மாட்டா. பேரு சொல்லக் கூடாது, அது இருக்கட்டும். ஏங்கன்னுகூட ஒரு சத்தம் கிடையாது. அடுக்களை நிலையில சாஞ்சு நின்னுக்கிட்டு, காத்தைப் பாத்து ஒரு சேதி வாசிப்பா. காப்பி ஆறுது. அப்படின்னா வந்து குடிங்கன்னு அர்த்தம். மோட்டார் ஓடிக்கிட்டே கிடக்கு. போய் நிப்பாட்டுங்க. அரிசி அடியில கிடக்கு. வாங்கிப் போடுங்க. சங்கரன்கோயில்ல கொடியேறிட்டாம். என்னை ஆடித்தபசுக்குக் கூட்டிட்டுப் போங்க. ரேடியோவுல வானிலை வாசிக்கவங்க கணக்கா வாசிச்சுட்டு உள்ள போயிருவா. அப்பா எந்திரிச்சு வந்தா வந்தாங்க. வரலைன்னா அம்மாவே போயி மோட்டாரை நிப்பாட்டிருவா. காதுல விழுந்தும் வரலையா, விழாம வரலையான்னு யாரு போயி ஆராய்ச்சி பண்ண. ஆடித்தபசுக்கு மட்டும் இன்னி வரைக்கும் போகல. அது அம்மா தானா செஞ்சுக்கிட முடியாத காரியம் பாருங்க.

இங்க வாரதுக்கு முன்ன அம்மாகிட்ட கேட்டேன், அப்பாவுக்கு எப்போ இருந்தும்மா இப்படின்னு. கையில இருந்த கீரையை அப்படியே வச்சுட்டு யோசிச்சா. யோசிச்சுட்டு, கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்தே இப்படித்தானே ஏட்டின்னா. சிரிக்காதீங்க மேடம், அவ வெளையாட்டுக்குச் சொல்லல.

அம்மாவுக்குத் தொண்டை இல்லைன்னு நினைச்சிராதீங்க. பக்கத்து வீட்டுப் பார்வதியம்மா அத்தைகிட்ட கதை பேச ஆரம்பிச்சான்னா தெரு முக்குல காய் விக்கவங்களுக்குக் கேக்கும். ஏளா, உனக்கு மூளை இருக்கா, அவனைச் செருப்பால அடிக்காம விட்டியேன்னு அப்படி நேருக்கு நேரா வரும் பேச்சு. அப்பா செருப்பை வாசல்ல கழட்டுற சத்தம் கேட்டா போதும், பேச்சுல இருந்து நீயும் நானும் காணாமப் போயிரும். அதுக்குப் பொறவு காப்பி தானா ஆறும், மோட்டார் தானா ஓடும். பாருங்க, நானே என்ன சொல்லுதேன், அப்பான்னா வந்தாங்க, அம்மான்னா வந்தா. இவ்வளவு நேரம் நீங்க கவனிச்சிருப்பீங்க. எனக்கு இப்பத்தான் உறைக்குது.

உங்க வீட்டுலயும் அப்படித்தானா? மேலப்பாளையத்துலயுமா? அப்போ சரி, கொஞ்சம் தெம்பா இருக்கு.

நான் படிச்சவ, ஜங்ஷன்ல ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கேன், நான் அப்படி இல்லைன்னு சொல்லத்தான் ஆசை. ஆனா எனக்கு அம்மா வாயி அப்படியே வந்து ஒட்டிக்கிட்டு. ஆபீஸ்ல ஜெராக்ஸ் போடுற இசக்கி அண்ணன்கிட்ட, பேப்பர் தீந்துட்டு போலன்னு சொல்லுவேன். அவரு, ஆமா மேடம், நானும் பாத்தேன்னுட்டு டீ குடிக்கப் போயிருவாரு. பொறவு நான் தயங்கித் தயங்கி, மதியத்துக்கு நிறைய பிரிண்ட் எடுக்க வேண்டியிருக்கும்னு நினைக்கேன்ம்பேன். ஆமா மேடம், இன்னிக்கு வேலை ஜாஸ்திதான்ம்பாரு. எங்க ஆடிட்டர் ரூமை விட்டு வெளிய வந்து, ஏலே இசக்கி, பேப்பர் எங்கலேன்னு ஒரே வார்த்தை கேப்பாரு. கட்டு கட்டா வந்து இறங்கும். அவரு மேல எனக்குக் கோவமே வராது. நான் கேக்கவே இல்லையே, நான் சேதிதானே சொன்னேன்.

காதைச் சோதிச்சு எடுத்த இந்த வரைபடத்தை இன்னொரு தடவை காட்டுங்களேன். இந்தக் கோடு இங்கன வரைக்கும் ஒழுங்கா வந்து, பொறவு சரசரன்னு கீழ இறங்குது. இந்தப் பக்கம் கட்டைக் குரல், அது கேக்கும். இந்தப் பக்கம் மெல்லிசுக் குரல், அது கேக்காது. அதாவது ஆம்பளை பேசுனா ஓரளவு கேக்கும், பொம்பளை பேசுனா கேக்காது. நீங்க இதை வியாதின்னு சொல்லுதீங்க. எங்க ஊருல இதை யாரும் வியாதின்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வர மாட்டாங்க மேடம்.

இல்ல, வெளையாட்டுக்குச் சொன்னேன். ஆனா இப்ப எல்லாம் புரியுது. டீக்கடையில சேக்காளிகளோட உக்காந்து அரசியல் பேசுவாங்க, அங்கன ஒரு குறையும் கிடையாது. எங்கண்ணன் குமரகுருபரன் பெங்களூர்ல இருந்து பேசுனா நல்லா பதில் சொல்லுவாங்க. டிவியை அலற விடுவாங்க, அது வீட்டுக்குப் பெரியவங்க, அப்படித்தான் வைப்பாங்கன்னு இருந்துட்டோம். எங்க ரெண்டு பேருக்கு மட்டும் அவங்ககிட்ட இருந்து வாரது ரெண்டே பதில். ம். இல்லாட்டி, சரி. அம்மா என்ன சொன்னாலும் ம். நான் என்ன சொன்னாலும் சரி. பெரிய ஆபீஸ்ல ஹெட் கிளார்க்கா இருந்தவங்க, அளந்துதான் பேசுவாங்கன்னு நாங்களே ஒரு மரியாதையும் குடுத்து வச்சிருந்தோம். இங்க உங்களைப் பாக்கக் கூட்டிட்டு வாரதுக்கும் அதே பாடுதான். மூணு நாளா நான் அவங்க முதுகுக்குப் பின்னால நின்னு, பாளையங்கோட்டையில நல்ல டாக்டரம்மா இருக்காங்களாம், ஹம்னான்னு பேராம்னு சேதி வாசிச்சேன். சரி, சரின்னாங்க, கிளம்பல. பொறவு அண்ணன் போன்ல, அப்பா, காதைக் காட்டிட்டு வாங்க, சுகிர்தா கூட்டிட்டுப் போவான்னான். அடுத்த நாளே சட்டையை மாட்டிட்டு வாசல்ல நிக்காங்க.

எப்படித்தான் கண்டுபிடிச்சேன்னா, அதைக் கேக்காதீங்க. ஊரே சிரிக்குது. சரி, சொல்லுதேன். எப்படியும் கல்லிடைக்குறிச்சிக்காரங்க யாராவது உங்ககிட்ட காதைக் காட்ட வந்தா சொல்லத்தான் போறாங்க.

போன வாரம் ஞாயித்துக்கிழமை. ஆத்துக்குக் குளிக்கப் போயிருந்தோம். எங்க பக்கம் பொம்பளைங்க துறை மேல, ஆம்பளைங்க துறை கொஞ்சம் கீழ, நடுவுல ஒரு சுவரு. மலையில மழை போல, தண்ணி திடீர்னு செம்மண் நிறத்துல வந்துட்டு. பார்வதியம்மா அத்தை பாத்துட்டு, துணியைச் சுருட்டிக்கிட்டு ஏறுன்னா. எல்லாரும் ஏறிட்டோம். சுவரு மேல இருந்து எட்டிப் பாத்தா, அங்கனயும் எல்லாரும் படிக்கு வந்துட்டாங்க, எங்கப்பா மட்டும் நடுவுல பாறைக்கிட்ட கண்ணை மூடி மூழ்கி மூழ்கி எந்திரிக்காங்க. நான் என்ன செஞ்சிருப்பேன்னு நினைக்கீங்க? சேதி வாசிச்சேன். அப்பா, தண்ணி கலங்கலா வருதுப்பா. கொஞ்சம் கூடுற மாதிரி இருக்குப்பா. ஆளை இழுத்துட்டுப் போற வெள்ளம் வருது, நான் கூடுற மாதிரி இருக்குங்கேன். போல, மாதிரி, நினைக்கேன், இது இல்லாம எனக்கு ஒரு வாக்கியம் முடியாது.

பொறவு பயம் வந்துட்டு. அப்பான்னு கத்துனேன். படியில நின்ன அத்தனை அப்பாமாரும் திரும்பிப் பாத்தாங்க மேடம். எங்கப்பாவைத் தவிர. தண்ணி நெஞ்சுக்கு வந்துட்டு. எனக்கு அந்த நேரம் எங்க இருந்து வந்துச்சுன்னே தெரியல, அந்தச் சுவரு மேல ஏறி நின்னு, ஏலே, ஏறுலே கரைக்கு, சாவப் போறியாலேன்னு கத்திட்டேன். பெத்த தகப்பனை. தைப்பூசக் கூட்டத்துல காணாமப் போன பிள்ளையைத் திட்டுற மாதிரி.

எல்லாரும் என்னையே பாக்காங்க. அத்தை பாவாடையைப் பிடிச்சு இழுக்கா, ஏட்டி, பெத்தவனைப் போயி ஏலேங்கியே, நாக்கு அழுகாதான்னு. ஒரு நிமிசம் எல்லாரும் அப்பா என்ன செய்யப் போறாங்கன்னு அவங்க பக்கம் திரும்புனாங்க. அவங்க நிதானமா காதுக்குள்ள விரலை விட்டுத் தண்ணியை எடுத்துக்கிட்டு இருக்காங்க. அப்பத்தான் அத்தை என் பாவாடையை விட்டா. இதுக்கும் திரும்பலையே ஏட்டி, உங்கப்பனுக்குக் காது கேக்குமா கேக்காதான்னா. மக ஏலேன்னு கூப்பிட்டும் திரும்பாத தகப்பன் எங்க ஊருல கிடையாது. கேட்டிருந்தா தண்ணிக்குள்ள இருந்தே அடிக்க வந்திருப்பாங்க.

ரெண்டு பயலுக குதிச்சு இழுத்துட்டு வந்துட்டாங்க. ஒண்ணும் ஆகல. என்னய்யா, என்ன, என்னத்துக்கு இழுக்கீங்கன்னு அந்தப் பயலுகளை அப்பா வையுதாங்க. ஊரு பூரா கேட்ட ஒரு பேச்சு, கேக்க வேண்டியவங்களுக்கு மட்டும் இந்த நிமிசம் வரைக்கும் கேக்கல. மாமா சித்தப்பான்னு வரிசையா வந்து என்னை அடுக்களையில வச்சு ஏசிட்டுப் போனாங்க. கூடத்துல உக்காந்து அவங்களுக்கெல்லாம் காப்பி குடிங்கன்னு உபசாரம் பண்ணுனது யாருங்கீங்க, அந்தா உக்காந்து சிரிக்காங்களே, அவங்கதான்.

அன்னிக்கு ராத்திரி எனக்கு அழுகையும் வந்துச்சு, ஒரு சந்தோசமும் வந்துச்சு. அம்மாகிட்ட போயி சொன்னேன், அப்பா நம்மளைக் கண்டுக்கிடாம இருக்கலம்மா, கேக்கலம்மான்னு. அவ, அப்போ சங்கரன்கோயிலுன்னா. அவ்வளவுதான் சொன்னா.

அந்தச் சந்தோசம் விடியுற வரைக்கும்தான் இருந்துச்சு. காலையில பல்லு விளக்கிக்கிட்டு இருக்கப்போ திக்குன்னுட்டு. அப்பா என்கிட்ட ஒரு சரி சொல்லியிருக்காங்க மேடம். மத்த சரியெல்லாம் போயிட்டுப் போகுது. இது ஒரு சரி. நான் ஒண்ணு கேட்டேன், சரின்னாங்க. அதை நம்பி எல்லாக் காரியமும் செஞ்சாச்சு. அதுதான் தேதி கேக்கேன். போன மார்கழி மாசம் கடைசி, பொங்கலுக்கு முன்ன. அப்போ அவங்களுக்குக் கேட்டிருக்குமா?

ஒரு நாள்ல வந்தது இல்லையா. இந்த அளவுக்கு வர அஞ்சாறு வருசம் ஆகுமா.

இருங்க, எந்திரிக்காதீங்க மேடம், இன்னும் கொஞ்சம் இறுகட்டும். முழுசும் கேக்காதுன்னு நீங்க சொல்லலையே, கட்டைக் குரல்ல சொன்னா கொஞ்சம் கேக்கும்னீங்கள்லா. நான் எப்படிச் சொன்னேன்னு சொல்லுதேன், நீங்க அந்தப் படத்தைப் பாத்து எட்டியிருக்குமா எட்டியிருக்காதான்னு சொல்லுங்க. அவங்க கூடத்துல பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாங்க. நான் பின்னால, ஜன்னல்கிட்ட. முகத்தைப் பாத்துச் சொல்ல தைரியம் இல்ல. அடுக்களையில அம்மா சட்னி அரைக்கா, மிக்ஸி ஓடுது. ஆமா, மிக்ஸி ஓடுறப்பதான் சொன்னேன். அது நிக்கட்டும்னு காத்திருக்கல, அது ஓடட்டும்னுதான் காத்திருந்தேன். எனக்கு அந்தச் சத்தம் ஒரு மறைப்பு மாதிரி இருந்துச்சு.

என்ன சொன்னேனா? அப்படியே சொல்லுதேன். உவரியில இருந்து ஒருத்தங்க ஆபீசுக்கு வருவாங்கப்பா. நல்ல மாதிரி. அவங்க வீட்டுலயும் பேசிக்கிடுதாங்க. அவ்வளவுதான்.

புரியலையா? பாத்தீங்களா, காது நல்லா இருக்கவங்க, பக்கத்துல உக்காந்திருக்கவங்க, உங்களுக்கே புரியல. எங்க பாஷையில அதுக்கு, நான் ஒருத்தரை விரும்புதேன், அவரைக் கட்டிக்கிடட்டுமாப்பான்னு அர்த்தம்.

அப்பா பேப்பரைத் திருப்பிக்கிட்டே, சரி, நல்லது, செஞ்சிருவோம்னாங்க. செஞ்சிருவோம்னாங்க மேடம். எனக்குக் கால் தரையில பாவல. அடுத்த நாளு ரெண்டு ஆளைக் கூட்டிட்டு வந்து வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆரம்பிச்சாங்க பாருங்க, இருந்த கொஞ்ச சந்தேகமும் போயிட்டு. பொங்கலுக்குத் தெருவுல எல்லாரும்தான் வெள்ளையடிச்சாங்கன்னு அப்போ எனக்குத் தோணவே இல்ல. கல்யாணத்துக்குத்தான் வீட்டைத் தயார் பண்ணுதாங்கன்னு, அந்தச் சுண்ணாம்பு வாசனையில நான் ராத்திரி தூங்கவே இல்ல. இப்ப யோசிச்சுப் பாத்தா, சுவரு காரை பேந்து கிடக்குன்னு அம்மா அதுக்கு முந்தின நாளு பூரா சேதி வாசிச்சுக்கிட்டு இருந்தா. பழக்கத்துல அதைத்தான் திரும்பச் சொல்லுதேன்னு நினைச்சுட்டாங்க போல.

கிளாட்வின்னு பேரு. வேதக்காரங்க, கிறிஸ்தவங்க. அவங்க அப்பாவுக்கு உவரியில மீன்பிடி போட்டு இருக்கு, மீனை ஐஸ் போட்டு டவுன் மார்க்கெட்டுக்கு அனுப்புதாங்க. அந்தக் கணக்கைப் பாக்கத்தான் கிளாட்வின் எங்க ஆபீசுக்கு வருவாங்க. நாங்க முட்டைகூட வீட்டுக்குள்ள விடாத ஆளுக. அவ்வளவு தூரத்தை அப்பா ஒரே சரியில தாண்டிட்டாங்களேன்னு நான் அவங்களைத் தெய்வமா நினைச்சேன். கிளாட்வின்கிட்ட போயி அப்பா சரின்னுட்டாங்கன்னேன். அவங்க நம்பல, முழு வாக்கியமும் என்ன சொன்னாங்கன்னு கேட்டாங்க. செஞ்சிருவோம்னாங்கன்னேன். அவங்க வீட்டுல அந்தோணியார் கோயிலுக்கு அசனம் நேந்து, ஊருக்கே சோறு போட்டாங்க. அம்மாகிட்டயும் சொன்னேன். அவ முதல்ல முழிச்சா. அப்பாவே சரின்னுட்டாங்களான்னு கேட்டுட்டு, பொறவு தேதி குறிச்சதும், ஆத்துக்குப் போறதுக்கு முன்னயே, அவ போயி அப்பாகிட்ட, அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை விருந்தாளுக வாராப்ல இருக்குன்னு வாசிச்சா. அவங்க ம்முன்னாங்க. முடிஞ்சு போச்சு. ஆக எங்கப்பாகிட்ட யாரும் எதையும் மறைக்கல. எல்லாரும் சொல்லியாச்சு.

நாளைக்கழிச்சு ஞாயித்துக்கிழமை. வேன் பிடிச்சு வாராங்க. அவங்க அம்மா, அத்தைமாரு, அவங்க கோயில் பங்குல ஒரு பெரியவரு. அம்மா சொதிக்குத் தேங்கா வாங்கியாச்சு. மீன் திங்கிறவங்களுக்குச் சொதி பிடிக்குமான்னுதான் அவளுக்குக் கவலை.

அப்போ எட்டியிருக்காதா? ஒரு சொல்லுகூடவா?

இல்ல மேடம், அழல. மூக்கு இப்படித்தான் ஒழுகும் எனக்கு. எங்கப்பா மோசமானவங்க இல்ல. ஒருவேளை சரின்னே சொன்னாலும் சொல்லுவாங்க. மாட்டேன்னு சொன்னாலும் சொல்லுவாங்க. எதுவானாலும் இனிமேத்தானே சொல்லணும், அவங்க இன்னும் ஒண்ணுமே சொல்லலையே. அண்ணனை விட்டு போன்ல சொல்லச் சொல்லலாம்னு நேத்து பூரா நினைச்சேன். அவன் குரல் கேக்கும், ஒரே வாக்கியத்துல சொல்லிருவான். நம்பர்கூடப் போட்டுட்டேன். பொறவு வச்சுட்டேன். ஏன்னு தெரியல. இல்ல, தெரியும்.

மாவை எடுத்துட்டீங்களா. அப்பா, வலிக்குதா? இவ்வளவு பெரிய காது ஓட்டையா இருந்துச்சு. சரி, சரின்னு தலையாட்டாதீங்கப்பா, வலிக்குதான்னு கேக்கேன்.

இப்போதைக்குப் போட்டுப் பாக்குறதுக்கு வேற மெஷினா. இது சின்னதா இருக்கே. ம், நான் அந்தப் பக்கமா வரணுமா. அவங்க முகத்தைப் பாக்காம, பின்னால நின்னு பேசணுமா? உதட்டைப் பாத்துக் கண்டுபிடிச்சிருவாங்கன்னா. சரி, நிக்கேன். எனக்குப் பழக்கமான இடம்தான்.

என்ன பேச? எதுவானாலுமா. சத்தம் போட வேண்டாமா. வீட்டுல பேசுற மாதிரியா? வீட்டுல பேசுற மாதிரி மட்டும் வேண்டாம் மேடம்.

ஆன் பண்ணிட்டீங்களா.

அப்பா. நான் சுகிர்தா. ஞாயித்துக்கிழமை உவரியில இருந்து பொண்ணு கேட்டு வாராங்க. பொண்ணு நான்தாம்ப்பா. வரச் சொன்னதும் நான்தான்.